கேட்டவரே சாட்சி

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் பழைய வீடுகள் நின்ற இடமெல்லாம் இப்போது தொடர்மாடிகள். ஒரு மாடியில் நாலு வீடு, நடுவில் லிஃப்ட், குசினி ஜன்னல்கள் ஒன்றையொன்று பார்த்தபடி. பக்கத்து வீட்டில் இன்றைக்கு மீனா மரக்கறியா என்பது தெரியும். இரவு எட்டரைக்கு மேல் எந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்கு ஏச்சு விழுகிறது என்பதும் தெரியும். "உன்னைப் பெத்த நாளிலயிருந்து எனக்கு நிம்மதியில்லை." "இனி நீ என்ர பிள்ளையில்லை, எங்கயாவது போய்த் துலை." கேட்டவர்கள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்க்கிறார்கள். பிறகு ஜன்னலைச் சாத்திவிடுகிறார்கள்.

அடி விழுந்த பிள்ளையின் உடம்பில் தழும்பு இருக்கும். நாலு நாள் கழித்தும் வைத்தியர் அதைப் பார்க்கலாம், அளக்கலாம், சட்ட வைத்திய அறிக்கையில் எழுதலாம். சொல்லாலும் மௌனத்தாலும் நடக்கும் துன்புறுத்தல் அப்படி ஒரு தடயத்தை விட்டுவைப்பதில்லை. நடந்த நேரத்தில் கேட்டவர், பார்த்தவர் வாய் திறந்தால் மட்டுமே அது வெளியே வரும். ஆகவே இந்தக் கட்டுரையை முதலில் அந்த ஜன்னலுக்குப் பின்னால் நிற்பவர்களுக்காகவே எழுதுகிறேன். அதன் பிறகுதான் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும்.

நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி, உளவியல் துஷ்பிரயோகம் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று 2012இல் கணக்கிட்டார்கள். ஆசிரியர், வைத்தியர், அதிகாரி என்று பிள்ளையைச் சுற்றியிருப்பவர்களைக் கேட்ட ஆய்வுகளில் ஆயிரத்துக்கு 3 பிள்ளைகள். அனுபவித்தவர்களையே கேட்ட ஆய்வுகளில் ஆயிரத்துக்கு 363 பேர். இரண்டு வகை ஆய்வுகளும் கேட்ட கேள்விகள் ஒன்றல்ல. வளர்ந்த பிறகு திரும்பிப் பார்க்கும்போது நினைவு பிசகவும் செய்யும். இதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் நூறு மடங்கு வித்தியாசத்தை விளக்கிவிட முடியாது. அந்த இடைவெளியில் நிற்பவர்கள் நாம்தான்.

எது சாதாரண ஏச்சு, எது துஷ்பிரயோகம்? பேச்சு எடுத்தவுடன் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பிள்ளையை ஒருபோதும் ஏசாத வீடு எங்கேயும் கிடையாது. லண்டனில் பணிபுரிந்த சிறுவர் உளமருத்துவர் டான்யா கிளேசர் 2002இல் முன்வைத்த வரையறை இந்த இடத்தில் பெரிய உதவி. ஒரு தனிச் சம்பவத்தைப் பார்க்க வேண்டாம், பெரியவருக்கும் பிள்ளைக்கும் இடையிலுள்ள உறவு எப்படி இருக்கிறது என்று பாருங்கள் என்கிறார் அவர். அந்த உறவின் வழமையே பிள்ளைக்குக் கேடு செய்வதாக இருந்தால் அது துஷ்பிரயோகம். கை பட்டிருக்க வேண்டியதில்லை. கெடுதல் செய்யும் எண்ணம் இருந்திருக்க வேண்டியதும் இல்லை. 'எல்லாம் உன்ர நன்மைக்குத்தான்' என்று மனதார நம்பும் தாயும் தகப்பனும்கூட இதைச் செய்யக்கூடும்.

ஆய்வாளர்கள் இதைப் பல வகையாகப் பிரித்திருக்கிறார்கள். நம் வீடுகளில் அவை எப்படி ஒலிக்கும் என்று சொன்னால் எளிதில் பிடிபடும். பிள்ளையைச் சனியன், மூதேவி, மக்கு என்றே அழைப்பதும் விருந்தினர் முன்னால் அதன் குறையைச் சொல்லிச் சிரிப்பதும் இழிவுபடுத்தல். 'விட்டிட்டுப் போயிடுவன்', 'ஹோமில போடுவன்', 'நான் செத்துப்போனா நீதான் காரணம்' என்பதெல்லாம் மிரட்டல். வாரக்கணக்கில் பிள்ளையோடு கதைக்காமலே இருப்பது, அது அழுதுகொண்டு வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வது இன்னொரு வகை. விளையாட விடாமல், ஒரு சிநேகிதி வீட்டுக்குக்கூட அனுப்பாமல், பாடசாலை, ரியூஷன், வீடு என்று அடைத்துவைப்பது தனிமைப்படுத்தல். பிரிந்து வாழும் பெற்றோர் ஒருவரையொருவர் வேவு பார்க்கப் பிள்ளையை அனுப்புவதும் உளவியல் துஷ்பிரயோகம்தான். தாய் மத்திய கிழக்கில் வேலை செய்ய, சித்தப்பா வீட்டில் வளரும் கொட்டாஞ்சேனைப் பிள்ளை ஒன்று ஒவ்வொரு நேரச் சாப்பாட்டோடும் 'உன்ர அம்மா காசு அனுப்பேல்ல' என்பதையும் சேர்த்து விழுங்குகிறதென்றால், அதற்கும் இதுதான் பெயர்.

வீடு மட்டுமில்லை. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை கேட்டுக்கொண்டதன் பேரில், கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் பியாஞ்சலி த சொய்சா ஆறு மாவட்டங்களின் பாடசாலைகளில் நடத்திய ஆய்வு 2017இல் வெளிவந்தது. முந்தைய தவணையில் ஒரு தடவையாவது உடல் ரீதியாகத் தண்டிக்கப்பட்டதாகச் சொன்ன மாணவர்கள் 80.4 சதவீதம். சொல்லாலும் செயலாலும் உளரீதியாகத் தாக்கப்பட்டதாகச் சொன்னவர்கள் 72.5 சதவீதம். முதல் எண்ணைப் பத்திரிகைகள் பெரிதாகப் போட்டன. எனக்கு இரண்டாவது எண்தான் உறுத்துகிறது. பிரம்பைக் கீழே வைத்துவிட்ட ஆசிரியரும் நாக்கைக் கீழே வைத்துவிடவில்லை என்று அது சொல்கிறது.

2025 ஏப்ரல் கடைசியில் கொட்டாஞ்சேனையில் 16 வயது மாணவி ஒருவர் உயிரிழந்தார். பாடசாலையில் ஓர் ஆசிரியரால் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானார் என்றும், பின்னர் தனியார் வகுப்பொன்றில் மற்ற மாணவர்கள் முன்னிலையில் அவமானப்படுத்தப்பட்டார் என்றும் குற்றச்சாட்டுகள் எழுந்தன. மே மாதம் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் மக்கள் வீதிக்கு வந்தார்கள். பாராளுமன்றத்திலும் பேசப்பட்டது. குற்றச்சாட்டுகளில் எது உண்மை என்று தீர்ப்பது விசாரணையின் வேலை. ஓர் உயிர் போனதற்கு ஒற்றைக் காரணம் கண்டுபிடிப்பதும் சரியில்லை. நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஒரு வகுப்பின் முன்னால் ஒரு பிள்ளை அவமானப்படுத்தப்படும்போது அந்த அறையில் முப்பது, நாற்பது சாட்சிகள் இருக்கிறார்கள். எல்லோரும் பிள்ளைகள். 'இன்றைக்குச் சேர் ஒரு பிள்ளைக்கு இப்படிச் சொன்னார்' என்று வீட்டில் ஒருவர் வந்து சொன்னால், 'நீ உன்ர படிப்பைப் பார்' என்று மறுமொழி சொல்லாமல் இருக்க நாம் பழக வேண்டும்.

சொல் எப்படி உடம்புக்குள் போகிறது? அமெரிக்காவின் மக்லீன் வைத்தியசாலையில் மார்ட்டின் டெய்ச்சரின் குழு, சிறுவயதில் அடி உதையோ பாலியல் தொல்லையோ இல்லாமல் பெற்றோரின் கடுஞ்சொல்லை மட்டும் தொடர்ந்து கேட்டு வளர்ந்த இளைஞர்களைத் தேடி, அவர்களின் மூளையைப் படம்பிடித்துப் பார்த்தது. கேட்ட பேச்சின் பொருளை விளங்கிக்கொள்ளும் பகுதியையும் பேசும் பகுதியையும் இணைக்கும் நரம்புக்கற்றை அவர்களிடம் மற்றவர்களைவிட வேறுபட்டிருந்ததென 2009இல் எழுதினார்கள். 2011இல் அதே குழுவோடு ஜப்பானிய ஆய்வாளர் அக்கேமி டொமோடா வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்பானது. ஒலியையும் பேச்சையும் வாங்கும் இடப்பக்க மடிப்பில் சாம்பல்நிறப் பொருள் ஏறத்தாழ 14 சதவீதம் கூடுதலாக இருந்தது. கூடுதல் என்றால் நல்லதுதானே என்று தோன்றும். வளரும் மூளை முதலில் தேவைக்கு மேல் இணைப்புகளை உண்டாக்கும். பிறகு பயன்படாதவற்றைக் கழித்துக்கொண்டே வரும். அந்தக் கழிப்பு ஒழுங்காக நடக்கவில்லை என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கங்களில் ஒன்று. சிறிய எண்ணிக்கையினரில், வளர்ந்த பிறகு ஒருமுறை எடுத்த படங்கள் இவை; ஏச்சுத்தான் இதைச் செய்தது என்று அடித்துச் சொல்ல இவை போதா. ஆனால் எந்தப் புலனின் வழியாகத் தாக்குதல் வருகிறதோ அந்தப் புலனின் பாதையிலேயே மாற்றம் தெரிகிறது என்பது சாதாரண விடயமில்லை.

இன்னொரு பக்கம், அபாயத்தைக் கண்டால் உடம்பை உசுப்பிவிடும் ஏற்பாடு. நாய் துரத்தினால் இதயம் படபடக்கும், கோட்டிசோல் என்ற மன அழுத்த ஹோர்மோன் சுரக்கும். நாய் போனதும் எல்லாம் அடங்கும். துரத்துவது தாயின் முகமாக இருந்தால் எப்போது அடங்குவது? 'விட்டிட்டுப் போயிடுவன்' என்ற மிரட்டலுக்கு முடிகிற நேரம் என்று ஒன்று கிடையாது. தாய் கடைக்குப் போனாலும் பிள்ளைக்கு அது நடந்துவிட்டதாகவே படும். இப்படி நாள் முழுவதும் காவல் காக்கும் மூளையில் பின்னக்கணக்குக்கு இடம் இருக்காது. அந்தப் பிள்ளையைத்தான் நாம் 'கவனமில்லாத பிள்ளை' என்று மறுபடியும் ஏசுகிறோம்.

நீண்டகால விளைவுகளைப் பற்றி 2012இல் வந்த பெரிய தொகுப்பாய்வு ஒன்றில், உளவியல் துஷ்பிரயோகத்துக்கு ஆளானவர்களுக்கு மனச்சோர்வு நோய் வரும் சாத்தியம் மற்றவர்களைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று கண்டார்கள். உடல் துஷ்பிரயோகத்துக்கு அது ஒன்றரை மடங்கு. 2015இல், அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கான கோடைமுகாம்களில் 2,292 பிள்ளைகளை அவதானித்த ஆய்வு, அடியும் உள வதையும் பிள்ளையின் மனநலத்துக்குச் செய்யும் கேடு ஏறத்தாழ ஒரே அளவு என்றது. 'கை நீட்டினதேயில்லை, வாயால பேசினதுதான்' என்ற ஆறுதலுக்கு இனி இடமில்லை.

அறிகுறிகளுக்கு வருவோம். அறிகுறிப் பட்டியல்கள் எங்கும் கிடைக்கின்றன. அவற்றை அப்படியே நம்புவது ஆபத்து. நின்றுபோன படுக்கை நனைத்தல் எட்டு வயதில் மீண்டும் வருவது, பாடசாலை நாள்களின் காலையில் மட்டும் வயிற்றுவலி, தலைமுடியைப் பிய்ப்பது, எதற்கெடுத்தாலும் 'சொறி' சொல்வது, சின்னப் பிழை விட்டாலும் தாளைக் கிழித்துப்போடுவது, 'நான் மக்கு' என்று தன்னைப்பற்றித் தானே சொல்வது, பதின்ம வயதில் தன் உடம்பைத் தானே காயப்படுத்துவது. இவற்றில் எதுவும் வேறு காரணத்தாலும் வரலாம். நோய், துக்கம், எழுத்து வாசிப்பதில் உள்ள இடர்ப்பாடு, புலமைப்பரிசில் பரீட்சையின் நெருக்கடி என்று எத்தனையோ இருக்கின்றன.

நம்பகமான தடயம் பிள்ளையிடம் தனியாக இல்லை. பிள்ளையும் அந்தப் பெரியவரும் சேர்ந்திருக்கும்போது தெரியும். லிஃப்டில் கலகலவென்று கதைத்துக்கொண்டிருந்த பிள்ளை, கதவு திறந்து தகப்பன் நிற்பதைக் கண்டதும் உறைகிறதா? பேச முன்னர் ஒவ்வொரு தடவையும் தாயின் முகத்தைப் பார்த்து அனுமதி தேடுகிறதா? அடிக்கு ஆளான பிள்ளைகள் ஒரு முகத்தில் கோபம் முழுமையாக விரிவதற்கு முன்பே, மற்றப் பிள்ளைகளைவிடக் குறைந்த குறிப்பிலேயே அதைக் கண்டுகொள்கிறார்கள் என்று சேத் பொலாக் 2002இல் காட்டினார். முகத்தை வாசிப்பதில் ஒரு பிள்ளை தேர்ந்துவிட்டால், அந்தத் தேர்ச்சி ஏன் தேவைப்பட்டது என்று கேட்க வேண்டும். மிகவும் அடக்கமான, எந்தத் தொல்லையும் தராத பிள்ளையைப் பாராட்டுவதற்கு முன்னாலும் ஒருமுறை இதை யோசிக்கலாம்.

கைக்குழந்தை பேசாது; அதற்குத் தாயின் முகம்தான் உலகம். எட்வர்ட் ட்ரோனிக் 1978இல் வெளியிட்ட பரிசோதனையில், குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த தாய்மார் சில நிமிடம் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் இருந்தார்கள். குழந்தை சிரித்துப் பார்த்தது, தாயைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தது. ஒன்றும் பலிக்காதபோது முகத்தைத் திருப்பிச் சுருண்டுகொண்டது. பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வில் விழுந்த தாயின் முகம் மாதக்கணக்கில் அப்படியிருக்கலாம். அவளைக் குற்றவாளி ஆக்க வேண்டாம். அவளுக்கு வைத்தியம் வேண்டும். பிள்ளைக்கு அதுவரை சிரிக்கிற வேறொரு முகம் வேண்டும்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் சொல்வதில்லை? 'குடும்ப விசயம்', 'பொம்பிளைப் பிள்ளை, நாளைக்குக் கலியாணம் பேச வேணும்', 'பிறகு அவங்கட முகத்தில எப்படி முழிக்கிறது' என்பவை எல்லா ஊருக்கும் பொதுவானவை. கொழும்புத் தமிழருக்கு இன்னொன்றும் உண்டு. 2007 யூன் 7ஆம் திகதி விடியுமுன்னே, நகரத்து லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் முந்நூறு பேருக்கு மேல் பஸ்களில் ஏற்றி வெளியே அனுப்பப்பட்டார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. ஆனால் பொலிஸ் பதிவுத் துண்டைப் பத்திரமாக வைத்திருந்த தலைமுறை அந்த விடியலை மறக்கவில்லை. பொலிஸ் வாசலை மிதிக்காமல் வாழ்வதே கெட்டித்தனம் என்று பழகியவர்களிடம், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காகப் போய் முறைப்பாடு கொடுங்கள் என்று இலகுவாகச் சொல்ல முடியாது. போனாலும் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்படலாம் என்ற தயக்கம் வேறு.

சட்டத்தின் கண்ணும் நெடுங்காலம் காயத்தையே தேடியது. 1939ஆம் ஆண்டுச் சிறுவர் மற்றும் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம், பிள்ளையைக் கொடுமைப்படுத்துவதைத் தடுத்த அதே பிரிவில், தண்டிக்கும் உரிமையைப் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் விட்டுவைத்தது. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 19ஆவது உறுப்புரை உள ரீதியான வன்முறையையும் வெளிப்படையாகச் சொல்கிறது. 1995இல் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்க்கப்பட்ட 308அ பிரிவின்படி, தன் பராமரிப்பில் உள்ள 18 வயதுக்குக் குறைந்தவரைக் கொடுமைப்படுத்துபவருக்கு இரண்டு முதல் பத்து ஆண்டு வரை சிறை. அந்தப் பிரிவு மனச் சிதைவையும் குறிப்பிடுகிறது, ஆனால் அதை நிரூபிப்பது லேசில்லை. 2021 பெப்ரவரியில், மாணவனின் கன்னத்தில் அறைந்து அவன் செவிப்புலனைப் பாதித்த ஆசிரியருக்கு எதிராக, நீதியரசர் எஸ். துரைராஜா எழுதிய உயர் நீதிமன்றத் தீர்ப்பு பெரிய திருப்பம். இழிவான நடத்தைக்கு எதிரான அரசியலமைப்பின் 11ஆவது உறுப்புரை மீறப்பட்டது என்றது அது. அங்கேயும் உடம்பில் பட்ட காயம் ஒன்று இருந்தது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் மட்டும், தொடர்ச்சியாக இழிவுபடுத்தும் கொடிய நடத்தையை உணர்வு ரீதியான துஷ்பிரயோகம் என்று நேராகவே வரையறுக்கிறது. பெற்றோரோ, பிள்ளை யாருடன் வசிக்கிறதோ அவரோ, அதிகாரசபை எழுத்தில் அனுமதித்த ஒருவரோ பிள்ளை சார்பாக நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். வீட்டில் இருக்கும் அம்மம்மாவும் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

பொலிஸுக்குப் போகத் தயங்குபவர்களுக்கு 1929 என்ற இலக்கம் இருக்கிறது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலவச இணைப்பு. 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம், உங்கள் பெயரைச் சொல்லாமலும் பேசலாம். நேரில் போக விரும்பினால், வெள்ளவத்தைக்குத் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகம், கொட்டாஞ்சேனைக்குக் கொழும்புப் பிரதேச செயலகம். அங்கே சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைக் கேளுங்கள். பிள்ளை அந்த நிமிடமே ஆபத்தில் இருந்தால் 119. தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் பேச்சு ஒரு பிள்ளையின் வாயில் வந்தால் அதை விளையாட்டாக எடுக்காமல் 1926, தேசிய மனநல உதவி இணைப்பு. பொரளை லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சிறுவர் உளமருத்துவப் பிரிவும் இருக்கிறது.

துஷ்பிரயோகம் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. கேட்டதைச் சொன்னால் போதும். அதற்கு ஒரு கொப்பி போதும். 'அந்த ஆள் மோசமான ஆள்' என்பது ஒரு அதிகாரிக்கும் உதவாது. இப்படி எழுதுங்கள்: 'செவ்வாய், இரவு 9.15. தகப்பனின் குரல்: "வெளியில கிட, உள்ள வராத." கதவு சாத்தின சத்தம். பிள்ளை 9.40 வரை மூன்றாம் மாடிப் படியில் இருந்தாள். பாடசாலை உடுப்போடு. கேட்டபோது "எனக்குப் பழகிப்போச்சு அன்ரி" என்றாள்.' திகதி, நேரம், சொன்ன சொல் அப்படியே, பிள்ளை நின்ற நிலை. இப்படி ஐந்தாறு குறிப்பு சேர்ந்தால், கிளேசர் சொன்ன அந்த உறவின் வழமை தாளில் தெரியத் தொடங்கும். பயங்கரமாக ஏதாவது நடந்தால் மட்டும் குறிப்பு சேரும்வரை காத்திருக்க வேண்டாம்.

பிள்ளை தானாகவே உங்களிடம் சொன்னால், கேளுங்கள். குறுக்கு விசாரணை வேண்டாம். 'ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்' என்று சத்தியம் செய்யாதீர்கள், அதை உங்களால் காப்பாற்ற முடியாது. 'உதவி செய்யக்கூடிய ஆளிட்டச் சொல்லுவம்' என்று சொல்லுங்கள். உடனே போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டிச் சண்டைக்கு நிற்காதீர்கள். நீங்கள் திரும்பிய பிறகு அந்தக் கதவுக்குள் தனியாக இருப்பது பிள்ளைதான். குடியிருப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரிகூடப் போடாதீர்கள். பிள்ளையின் பெயரும் படமும் ஊரெல்லாம் சுற்றுவது இரண்டாவது துன்புறுத்தல்.

'பிள்ளையை ஹோமில போட்டிடுவாங்கள்' என்ற பயம் பலரைத் தடுக்கிறது. இல்லத்தில் சேர்ப்பது நீதிமன்றக் கட்டளையோடு, வேறு வழியில்லாதபோது நடக்க வேண்டிய காரியம். பெரும்பாலான வீடுகளுக்குத் தேவைப்படுவது உளவளத்துணை, மதுவிலிருந்து மீளும் சிகிச்சை, வந்துபோகும் ஓர் உத்தியோகத்தர். இதை வாசிக்கும் பெற்றோர் சிலருக்குத் தங்கள் குரலே காதில் கேட்கலாம். அவர்களுக்கு ட்ரோனிக்கின் பிற்கால ஆய்வைச் சொல்கிறேன். அன்பான தாயும் குழந்தையும்கூட ஏறத்தாழ 30 சதவீத நேரம்தான் ஒத்திசைந்து இருக்கிறார்கள். மிச்ச நேரம் முழுவதும் பிசகுவதும் சரிசெய்வதும்தான். பிள்ளை வளர்வது அந்தச் சரிசெய்தலில். 'அம்மா சொன்னது பிழை, உன்னில கோபமில்லை' என்று பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்வதால் பெற்றோரின் மரியாதை குறைவதில்லை. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 பிள்ளைகளைப் பல தசாப்தங்கள் பின்தொடர்ந்த எமி வேர்னர், மிக மோசமான சூழலில் வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல மனிதர்களாக நிமிர்ந்ததைக் கண்டார். அவர்களுக்குப் பொதுவாக இருந்தவற்றில் ஒன்று, கைவிடாத ஒரு பெரியவர். பெரும்பாலும் தாத்தா பாட்டி, அல்லது ஓர் ஆசிரியர், அல்லது அயலவர்.

1929க்குச் சொன்ன மறுநாளே எல்லாம் மாறிவிடும் என்று நான் எழுதமாட்டேன். ஒவ்வோர் உத்தியோகத்தரின் மேசையிலும் கோப்புகள் குவிந்திருக்கின்றன, தமிழ் பேசுபவர் எப்போதும் இருக்கமாட்டார். ஆகவே எந்தத் திகதியில், யாரோடு பேசினீர்கள் என்பதையும் அதே கொப்பியில் எழுதி வையுங்கள். இரண்டு கிழமையாகியும் சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றும் மாறவில்லையென்றால், மறுபடி அழைத்து, இது இரண்டாவது முறைப்பாடு என்று சொல்லி, முதல் திகதியையும் வாசித்துக் காட்டுங்கள்.